காருக்குப் பாட்டு ஏற்றுவது எப்படி? சிடி, பென்டிரைவ் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் வால்பாறை போய்ச் சேரும்வரை 40 கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியம்மன் கோயிலைத் தாண்டித் திம்பம் ஏறினால் 27. இரண்டு மலையிலும் ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் போன் டவர் வருவதும் போவதுமாக இருக்கும். எஃப்எம்மும் கரகரத்து ஓய்ந்துவிடும். நெட்டை நம்பிப் பாட்டுப் போட்டவர் மீதி வளைவுகளைப் பாட்டில்லாமல்தான் ஓட்ட வேண்டும். இதுபோக, நம் பக்கத்தில் கைமாறி ஓடுகிற பழைய கார்கள் நிறையவற்றில் இன்னும் சிடி செட்டுதான். யுஎஸ்பி இருந்தாலும் இருக்கும், புளூடூத் இருக்காது. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிற செட்டை புளூடூத்துக்காகக் கழற்றி டேஷ்போர்டை அறுக்க எனக்கு மனசு வராது.

அப்படிப்பட்ட வண்டி வைத்திருந்து, கம்ப்யூட்டரில் ஃபைல் காப்பி பண்ண மட்டும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான். கார் செட்டுக்குப் பாட்டு தெரியாது, படம் தெரியாது, பாடியவர் யாரென்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஃபைலின் வகை, பெயர், வட்டில் அது இருக்கும் வரிசை. அது படிக்கிற விதத்தில் நாம் அடுக்கிக் கொடுத்தால் ஒழுங்காகப் பாடும்.

முதலில் குழப்பமே இங்கேதான்: சிடியில் பாட்டு எழுதுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஆடியோ சிடி, இன்னொன்று எம்பி3 சிடி. வட்டு ஒன்றுதான், எழுதும் முறைதான் வேறு.

ஆடியோ சிடி என்பது கடையில் படப் பாட்டு விற்ற அதே வகை. 1980-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறை. ஒலியை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து, இடது வலது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, எதையும் சுருக்காமல் அப்படியே எழுதும். அதனால் இடம் தின்னும்: 5 நிமிடப் பாட்டுக்கு 50 எம்பிக்கு மேல் போகும். இன்று கிடைக்கும் வட்டில் மொத்தம் 80 நிமிடம் பிடிக்கும். அதாவது ஏறத்தாழ 16 பாட்டு. கோவையில் கிளம்பி சேலம் போய்ச் சேர்வதற்குள் முழுசாக இரண்டு சுற்று ஓடிவிடும், மூன்றாம் சுற்றில் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். ஆனால் சிடி போடும் எந்தச் செட்டும், எவ்வளவு பழசானாலும், இதைப் பாடும்.

எம்பி3 சிடியில் பாட்டுகள் ஃபைலாகவே இருக்கும், கம்ப்யூட்டரில் இருப்பதுபோல. எம்பி3 என்பது காதுக்கு எட்டாத நுணுக்கங்களை நீக்கி ஒலியைச் சுருக்கும் முறை. ஓங்கி அடிக்கும் மேளத்துக்கு அடியில் மறைந்துபோகும் சின்ன ஓசையை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் அதன் கணக்கு. அதே 5 நிமிடப் பாட்டு 5 எம்பிக்குள் அடங்கும். 700 எம்பி வட்டில் 140-க்கு மேல் ஏறும். ஆனால் செட்டின் முகப்பில் 'எம்பி3' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த எழுத்து இல்லாத செட்டில் எம்பி3 வட்டைப் போட்டால், ஒன்று வெளியே துப்பும், அல்லது எண்ணை மட்டும் ஓடவிட்டுச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். "சிடி கெட்டுப்போச்சுங்க" என்று பலர் தூக்கிப் போடுகிற வட்டு கெட்டே போயிருக்காது. வகை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

மேடு பள்ளமான ரோட்டில் எம்பி3 சிடிக்குச் சின்ன அனுகூலம் ஒன்று உண்டு. வண்டி குலுங்கும்போது வட்டைப் படிக்கும் லேசர் ஒளி தடம் தவறினாலும் பாட்டு நிற்காமல் இருக்க, செட்டு கொஞ்ச தூரம் முன்கூட்டியே படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். அதே அளவு நினைவில் சுருக்காத ஒலி கொஞ்ச நொடிதான் அடங்கும். சுருக்கிய ஒலி அதைப்போலப் பல மடங்கு அடங்கும். தோட்டத்து மண் ரோட்டில் ஆடியோ சிடி திக்குகிற இடத்தில் எம்பி3 சிடி தாண்டிப் போய்விடும்.

அடுத்தது கேபிபிஎஸ். ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை ஆயிரம் பிட் செலவாகிறது என்ற கணக்கு இது. 128 என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. 320 என்றால் 2.4 எம்பி. 320-ல் ஏற்றினால் ஒரு வட்டில் 58 பாட்டுக்குப் பக்கம் வரும், 192-ல் 97. என்னைக் கேட்டால் காருக்கு 192 போதும். ஓடும் வண்டியில் டயர் சத்தம், ஏசி சத்தம், பக்கத்து லாரி ஹாரன் எல்லாவற்றையும் மீறி 192-க்கும் 320-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்லை. 128-ல் மட்டும் சலங்கை, ஜால்ரா போன்ற கூரான ஓசைகள் தண்ணீருக்குள் கேட்பதுபோல இழுபடும். அதை யாரும் கவனிக்கலாம்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். 128-ல் இருக்கும் ஃபைலை 320-க்கு மாற்றினால் ஃபைல் பெரிதாகும், தரம் ஏறாது. முதல் தடவை நீக்கிய ஓசை போனது போனதுதான். எம்பி3-யை எடுத்து ஆடியோ சிடியாக எழுதினாலும் இதே கதை. நல்ல தரம் வேண்டுமென்றால் வீட்டில் இருக்கும் அசல் சிடியை எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே 'ரிப்' கொடுத்து எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம். பாட்டு ஆப்புகளில் 'டவுன்லோடு' அழுத்திச் சேமித்தது அந்த ஆப்புக்குள்தான் திறக்கும். பூட்டுப் போட்ட ஃபைல், காருக்கு வராது. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளும் வேறு வகை ஃபைல்கள். எம்பி3 ஆக மாற்றாமல் ஏற்றினால் பழைய செட்டுகள் அவற்றைக் கண்டுகொள்ளாது.

இனிமேல்தான் உண்மையான வேலை: பெயரும் வரிசையும்.

பாட்டு ஃபைல்களுக்கு 1, 2, 3 என்று 20 வரை எண் போட்டுப் பெயர் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டில் முதலில் 1 பாடும். அடுத்து 10, 11, 12 என்று 19 வரை போய், அப்புறம்தான் 2 வரும். செட்டு அதை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. அகராதியில் வருவதுபோல முதல் எழுத்து 1-ல் தொடங்குவதெல்லாம் முன்னே வந்துவிடும். விண்டோஸ் திரையில் 1, 2, 3 என்று ஒழுங்காகத்தான் தெரியும், அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை. 01, 02, 03 என்று பூஜ்ஜியம் சேர்த்து வையுங்கள். நூறைத் தாண்டினால் 001. பெயரையும் சுருக்கமாக வையுங்கள்; வட்டில் எழுதும்போது 64 எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படலாம். நீளப் பெயரின் முன்பாதி எல்லாப் பாட்டுக்கும் ஒன்றாக இருந்தால், செட்டின் சின்னத் திரையில் எல்லாப் பாட்டும் ஒரே பெயராகத்தான் தெரியும்.

ஃபோல்டரை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. படத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் அது அழகு, காரில் தொல்லை. ஒரு படத்துக்கு ஐந்து பாட்டு என்றால் ஐம்பது ஃபோல்டர் ஆகிவிடும். வேண்டியதைத் தேட வண்டி ஓட்டிக்கொண்டே பட்டனை அழுத்தி அழுத்திப் போக வேண்டும், கண் ரோட்டில் இருக்காது. வண்டியில் யார் உட்காருவார்கள், எப்போது கேட்பார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். அம்மா அப்பா வந்தால் ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, ராத்திரி தனியாக ஓட்ட ஒன்று, காலையில் சாமி பாட்டு ஒன்று. ஐந்தாறு ஃபோல்டருக்கு மேல் வேண்டாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்தால் பல செட்டுகள் அந்த அடுக்கைக் காட்டாமல் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டிவிடும், ஒரே அடுக்கு போதும்.

யார் எழுதிய பாட்டு என்று பிரித்துக் கேட்கிறவர்களுக்கும் ஃபோல்டர்தான் வழி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துப் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவியின் பாட்டுகளை மட்டும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், பாடலாசிரியர் பெயரைக் காட்டித் தேடவிடும் பழைய செட்டு எதையும் நான் பார்த்ததில்லை. அவர் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபைலுக்கு வெளியே வைக்கும் பெயர் வேறு, ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பெயர் வேறு. உள்ளே இருப்பதை ஐடி3 டேக் என்பார்கள்: பாட்டுப் பெயர், பாடியவர், ஆல்பம் என்று எழுதி ஃபைலோடு ஒட்டி வைத்த சீட்டு. செட்டின் திரையில் ஓடுவது பெரும்பாலும் இதுதான். 02 என்று ஒழுங்காகப் பெயர் வைத்தும் திரையில் ஏதோ வெப்சைட்டின் பெயர் ஓடினால், இறக்கிய இடத்தில் டேக்கில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாப் பாட்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் துடைத்து எழுதலாம்.

டேக்கைத் தமிழில் எழுதலாமா? கம்ப்யூட்டரிலும் போனிலும் தாராளமாக. பழைய கார் செட்டில் தமிழ் எழுத்துரு இருக்காது. கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ காட்டும். பாட்டு என்னவோ பாடும். வருத்தம்தான், ஆனாலும் காருக்கான பிரதியில் மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டேக்கோடு ஒட்டிவரும் அட்டைப்படம் பெரிதாக இருந்தால் சில செட்டுகள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் திணறி நிற்கும். படத்தை எடுத்துவிட்டால் பாட்டுக்குப் பாட்டு சட்டென்று மாறும்.

சத்த அளவு சரியில்லாமல் போவது இன்னொரு பெரிய தொல்லை. அறுபதுகளின் பாட்டு மெதுவாக வருகிறதென்று வால்யூமை ஏற்றுவீர்கள். அடுத்து நேற்று வந்த பாட்டு தொடங்கியதும் பின்சீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். புதுப் பாட்டுகளை உச்சத்துக்கு இழுத்துப் பதிவு செய்கிறார்கள், பழையதை அப்படிச் செய்யவில்லை. எம்பி3கெய்ன் என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. ஃபோல்டர் முழுவதையும் கொடுத்து, 89 டெசிபல் என்று வைத்து ஓடவிட்டால் எல்லாப் பாட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஒலியை மறுபடி சுருக்குவதில்லை, ஃபைலுக்குள் இருக்கும் அளவு எண்ணை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது.

கும்மிப் பாட்டு கேட்கிறவர்களுக்கு இது ரொம்பவே உதவும். கோயில் நோம்பியில் வள்ளிக் கும்மி அடிக்கும்போது யாரோ போனில் பிடித்த பதிவு, உடுக்கடிச்சுப் பாடும் அண்ணமார் கதை இவையெல்லாம் ஒரே ஃபைலாக ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் இருக்கும். முன்னின்று பாடும் கும்மி ஆசிரியரின் குரல் ஓரிடத்தில் மெலிந்தும், மைக் பக்கம் வந்ததும் இடியாகவும் கேட்கும். ஒரே ஃபைலுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தை எம்பி3கெய்ன் சரி செய்யாது, மொத்தமாக மற்ற பாட்டுகளின் மட்டத்துக்குத்தான் கொண்டுவரும். அதைவிட முக்கியம் நீளம். ஒன்றரை மணி நேர ஃபைலில் பாதியில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால், சில செட்டுகள் ஃபைலின் தொடக்கத்துக்கே போய்விடும். விட்ட இடத்துக்குப் போகப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மாதிரிப் பதிவுகளைப் பத்துப் பத்து நிமிடத் துண்டாக வெட்டி 01, 02 என்று பெயரிட்டு வையுங்கள். எம்பி3டைரக்ட்கட் என்ற மென்பொருள், பாட்டை மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டிக் கொடுக்கும். வெட்டும் இடம் ஓர் அடி முடிந்து தாளம் மாறுகிற இடமாகப் பார்த்துக்கொண்டால் கேட்கும்போது தெரியாது.

சரி, எழுதலாம். இப்போதைய லேப்டாப்பில் சிடி டிரைவ் இருக்காது. யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் தனியாகக் கிடைக்கும். வட்டு வாங்கும்போது சிடி-ஆர் என்று கேட்டு வாங்குங்கள். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வெளிச்சத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். பழைய லேசர் அதைப் படிக்கத் திணறும். டிவிடி வட்டில் 4.7 ஜிபி பிடிக்குமே என்று ஆசைப்பட்டு எழுதினால், சிடி மட்டும் படிக்கும் செட்டில் அது ஓடவே ஓடாது.

காலி வட்டைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இந்த வட்டை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள், 'யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல'வா, 'சிடி/டிவிடி பிளேயரோடு'வா? முதலாவது தானாகவே தேர்வாகி நிற்கும். யோசிக்காமல் அதையே கொடுத்துவிடுவோம். ஃபைல் இழுத்துப் போட்டதும் ஏறும், கம்ப்யூட்டரில் பாடும், காரில் மட்டும் பாடாது. அந்த வழியில் எழுதும் வட்டின் அமைப்பைப் பெரும்பாலான கார் செட்டுகளுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டு ஃபோல்டர்களை இழுத்துப் போட்டு, கடைசியில் 'பர்ன்' கொடுத்தால் மொத்தமாக எழுதி வட்டை மூடித் தரும். ஆடியோ சிடி வேண்டுமென்றால் பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் பர்ன் பக்கத்தைத் திறந்து, மெனுவில் 'ஆடியோ சிடி' என்று மாற்றிவிட்டுப் பாட்டை இழுத்துவிட வேண்டும். அதே மெனுவில்தான் 'டேட்டா சிடி'யும் இருக்கிறது. அதைக் கொடுத்தால் எம்பி3 சிடி வந்துவிடும்.

வேகம் 52 எக்ஸ் வரை காட்டும். எக்ஸ் என்பது, வட்டு பாடும் வேகத்தைப்போல எத்தனை மடங்கில் எழுதுகிறது என்ற கணக்கு. 16 எக்ஸ் வைத்தால் 80 நிமிட வட்டு 5 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். அந்த 5 நிமிடத்தில் அவசரப்பட்டு எதையும் சாதிக்கப்போவதில்லை, மெதுவாகவே எழுதட்டும். எழுதும்போது 'முடித்துவிடவா' என்ற பொருளில் 'ஃபைனலைஸ்' அல்லது 'குளோஸ் டிஸ்க்' என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். மிச்ச இடத்தில் பிறகு எழுதலாம் என்று திறந்தே விட்ட வட்டைப் பல செட்டுகள் காலி வட்டு என்றே நினைக்கும்.

பென்டிரைவ் இதைவிடச் சுலபம் என்று தோன்றும். ஒரு வகையில் சுலபம்தான். ஆனால் வரிசை விஷயத்தில் சிடியைவிடக் குறும்பு. சிடியில் எழுதும் மென்பொருளே பெயர் வரிசைப்படி அடுக்கிவிடும். பென்டிரைவில் பல செட்டுகள் பெயரைப் பார்ப்பதே இல்லை, எந்தப் பாட்டு முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். 01, 02 என்று எவ்வளவு ஒழுங்காகப் பெயர் வைத்தாலும் பயன் இருக்காது. நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டுப் புதுசை ஏற்றினால், அது கடைசியில் போய் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் ஒருவர் இறங்கிய சீட்டில் அடுத்து ஏறியவர் உட்காருவதுபோல, அழித்த பாட்டின் இடத்தில் புதுப் பாட்டு போய் உட்கார்ந்துவிடும். ஃபேட்சார்ட், டிரைவ்சார்ட் போன்ற சின்ன மென்பொருள்கள் பென்டிரைவில் உள்ள வரிசையைப் பெயர்ப்படி மாற்றி எழுதும். பாட்டு ஏற்றிய பிறகு ஒரு தடவை ஓடவிட்டால் போதும்.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் பண்ணியிருக்க வேண்டும். ஃபைல்களை டிரைவில் அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று அது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் பழைய செட்டுக்குப் புரியாது. விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி ரொம்ப நாளாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வையே காட்டாமல் இருந்தது, அதனால் 16 அல்லது 32 ஜிபி வாங்குவது தொல்லை இல்லாதது. 16 ஜிபியில் 192 தரத்தில் இரண்டாயிரம் பாட்டுக்கு மேல் ஏறும். அத்தனையும் கேட்க ஆயுசு வேண்டும். செட்டு எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர் வரை படிக்கும் என்று அதன் கையேட்டில் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் மீதியைக் கண்டுகொள்ளாது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணினால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல் கூடவே ஏறிவிடும். செட்டு அதையும் பாட்டு என்று நினைத்துப் பாட முயன்று விக்கி நிற்கும். விண்டோஸில் மாட்டி, மறைவு ஃபைலைக் காட்டச் சொல்லி அழித்துவிடுங்கள்.

வேன் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார்: "ஏனுங்கண்ணா, முந்நூறு பாட்டு ஏத்தியும் வண்டி எடுக்கறப்பெல்லாம் அதே நாலு பாட்டுத்தானுங்க வருது." இதற்குப் பென்டிரைவைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியில் வாங்கி மாட்டும் செட்டுகளில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும், சிவப்பு சாவியோடு வர வேண்டும். மாட்டியவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவியோடு கொடுத்துவிட்டால், சாவியை எடுத்ததும் செட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். விட்ட பாட்டும் நினைவிருக்காது, கடிகாரமும் 12-க்குப் போய்விடும். கடிகாரம் தினமும் தப்பாகக் காட்டினால் வயரைத்தான் பார்க்க வேண்டும். கார் எலெக்ட்ரீசியனுக்கு அது பத்து நிமிட வேலை.

கடைசியாக, எழுதிய வட்டைப் பாதுகாப்பது. சிடி-ஆரில் பதிவு இருப்பது ஒரு சாயப் பூச்சில். சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ நிழலில்லாமல் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வட்டைப் போட்டுவைத்தால் அந்தச் சாயம் சீக்கிரம் போகும், கண்ணாடிக்கு முன்னால் வைக்காமல் கதவுப் பையிலோ சீட்டுக்கு அடியிலோ வையுங்கள். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பார்க்கிறார்கள், ஆனால் சாயப் பூச்சு பெயர் எழுதும் மேல்பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அங்கேயே பாட்டு போய்விடும். சிடி மார்க்கரால் மெதுவாக எழுதுங்கள். தூசு துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். காகித ஸ்டிக்கர் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். வட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் செட்டில், சூட்டில் பசை இளகி ஸ்டிக்கர் உரிந்தால் வட்டு வெளியே வராது, செட்டைக் கழற்றிப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.